முகமூடியும் எலி வளையும்



கோபம் வந்தால் நம்மவர் வாயில் சட்டென்று வந்து விழும் சொற்களுள் 'முனாபிக்' என்பதும் ஒன்று. பள்ளி நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு வந்தால் மறு தரப்பார் முனாபிக்குகள். கல்யாணப் பேச்சு முறிந்து போனால் சம்பந்தம் பேச வந்தவர்கள் முனாபிக்குகள். ஆங்கிலம் படித்தவர்கள் இதே வசையை 'ஹிப்போகிரிட்' என்று கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லிக் கொள்கிறார்கள். அந்தக் குணத்துக்கு 'ஹிப்போகிரிஸி' என்று பெயர். அகராதியைப் புரட்டினால் பாசாங்கு, போலிவேடம், நயவஞ்சகம் என்று பொருள் போட்டிருக்கும்.

அரபுக் கல்லூரிகளில் ஒரு பாடத்தைத் தொடங்கும்போது, தலைப்பில் உள்ள சொல்லுக்கு 'லுகத்'தில் என்ன அர்த்தம், 'இஸ்திலாஹி'ல் என்ன அர்த்தம் என்று முதலில் ஓதிக் கொடுப்பார்கள். மொழியில் என்ன கருத்து, துறை சார்ந்தோர் வழக்கில் என்ன கருத்து என்பதே அது. மற்றவர் மீது எறிவதற்கு நாம் எப்போதும் கையில் வைத்திருக்கும் இந்தச் சொற்களையும் இம்முறை அவ்வாறே ஓதிப் பார்ப்போம்.

கிரேக்க மேடையில் பிறந்த சொல்

'ஹிப்போகிரிட்' என்ற சொல்லின் தாய்வீடு பண்டைய கிரேக்கம். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே ஏதென்ஸ் நகரில், அக்ரோபொலிஸ் குன்றின் தென் சரிவில் அமைந்திருந்த திறந்தவெளி அரங்கில் ஆண்டுதோறும் நாடகங்கள் நடைபெறும். அங்கே மேடையேறி நடித்தவனுக்குத்தான் 'ஹூப்போக்ரிட்டேஸ்' என்று பெயர். அதாவது நடிகன். அச்சொல்லில் அப்போது எந்த இழிவும் இருக்கவில்லை.

நடிகனுக்கு இப்பெயர் வந்த காரணத்தை அறிஞர்கள் இருவிதமாகக் கூறுவர். அந்நாடகங்களில் ஒரு பாடற்குழு பாடிக் கொண்டிருக்கும். அக்குழுவுக்குப் பதில் கூறுபவன் என்பதால் இப்பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. கதையை மக்களுக்கு விளக்குபவன் என்பதால் வந்தது என்பது மற்றொரு கருத்து. சொல்லின் அடியில் உள்ள 'க்ரினெய்ன்' என்பதற்குப் பிரித்தறிதல், தீர்ப்புச் செய்தல் என்று பொருள். 'கிரிட்டிக்' (விமர்சகர்), 'கிரைசிஸ்' (நெருக்கடி) ஆகிய ஆங்கிலச் சொற்களும் அதே வேரில் முளைத்தவையே.

அக்கால நடிகர்கள் தலையை மூடும் முகமூடி அணிந்தே நடித்தார்கள். ஆரம்பத்தில் ஒரு நடிகனே இருந்தான், ஈஸ்கிலஸ் என்ற நாடகாசிரியர் அதனை இரண்டாக்கினார், சொபோக்கிளீஸ் மூன்றாக்கினார் என்று தத்துவஞானி அரிஸ்டோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மூன்று பேரைக் கொண்டு முழு நாடகத்தையும் நடத்துவதென்றால் ஒரே ஆள் பல வேடம் போட வேண்டும். முகமூடியை மாற்றினால் அரசன் தூதுவனாகி விடுவான். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர்.

இங்கே ஒரு விடயத்தை அவதானியுங்கள். கிரேக்க மொழியில் முகத்துக்கும் முகமூடிக்கும் 'புரொஸோப்பொன்' என்று ஒரே சொல்தான். உரோமரின் லத்தீன் மொழியில் 'பெர்ஸோனா' என்றால் நடிகனின் முகமூடி. அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கும் 'பேர்ஸன்' என்ற சொல் வந்தது. மனிதன் வெளியில் காட்டும் முகத்துக்கும் அவன் போடும் வேடத்துக்கும் இடையில் எவ்வளவு மெல்லிய கோடு என்பதைச் சொற்களே சொல்லித் தருகின்றன.

இன்னொன்றும் உண்டு. சொற்பொழிவாளர் ஒருவர் குரலை ஏற்றி இறக்கி உணர்ச்சியோடு பேசும் முறைக்கு அரிஸ்டோட்டில் கையாண்ட சொல்லும் இதே 'ஹூப்போக்ரிஸிஸ்' தான். மின்பரில் ஏறிப் பேசும் எங்களைப் போன்றவர்கள் இதனை ஒரு தடவைக்கு இரு தடவை வாசித்துக் கொள்ள வேண்டும்.

நடிகன் வஞ்சகனான கதை

நடிகனின் பெயர் வஞ்சகனின் பெயராக மாறியது எப்படி? கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் ஈஸ்கினீஸ் என்று ஓர் அரசியல்வாதி இருந்தார். முன்னர் நாடக நடிகராக இருந்தவர். அவருடைய எதிரியான டெமொஸ்தனீஸ் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் கி.மு. 330இல் நிகழ்த்திய உரையில், மூன்றாந்தர வேடம் போட்ட நடிகன் என்று அவரை எள்ளி நகையாடினார். மேடையில் நடிப்பது குற்றமல்ல. ஊர் விவகாரத்தில் நடிப்பது குற்றம் என்ற எண்ணம் அப்போதே மக்களிடம் இருந்தது.

கிறிஸ்தவர்கள் ஓதும் சுவிசேஷங்கள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. மத்தேயு என்ற பகுதியின் 6ஆம் அத்தியாயத்தில், மக்கள் புகழ வேண்டும் என்பதற்காக ஊதுகுழல் ஊதித் தர்மம் செய்வோரையும், தெருமுனையில் நின்று பிரார்த்திப்போரையும், நோன்பு பிடித்திருப்பது தெரியட்டும் என்று முகத்தை வாட்டமாக வைத்துக் கொள்வோரையும் கண்டிக்க இந்தச் சொல்லே கையாளப்பட்டிருக்கிறது. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் அதனை 'மாயக்காரர்' என்றார்கள். அன்றிலிருந்து அச்சொல் மேடையை விட்டு இறங்கி மார்க்கத்தின் பக்கம் வந்து விட்டது. பின்னர் லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாகப் பயணம் செய்து, கி.பி. 1200ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கிலத்தினுள் புகுந்தது.

மேடையில் நடிப்பவனை நாம் பொய்யன் என்று சொல்வதில்லையே, ஏன்? அவன் முகமூடி போட்டிருக்கிறான் என்று அவனுக்கும் தெரியும், பார்ப்பவனுக்கும் தெரியும். நாடகம் முடிந்ததும் அவன் அதனைக் கழற்றி வைத்து விடுவான். பார்ப்பவனுக்குத் தெரியாமல் முகமூடி போடுவதுதான் வஞ்சகம். நமது தமிழிலும் 'வேஷம் போடுகிறான்', 'நடிக்கிறான்' என்று கூத்து மேடையிலிருந்துதான் சொல் எடுத்திருக்கிறோம்.

பாலைவனத்து எலி

இனி அரபு மொழிக்கு வருவோம். அரபியர் இக்குணத்துக்குப் பெயர் தேடி மேடைக்குப் போகவில்லை. பாலைவனத்து மணலுக்குப் போனார்கள்.

'யர்பூஃ' என்று ஒரு பாலைவன எலி உண்டு. பின்னங்கால்கள் நீண்டு, துள்ளித் துள்ளி ஓடும். அதன் வளைக்கு வெளியே தெரியும் வாசல் ஒன்று இருக்கும். அதற்குக் 'காஸிஆ' என்று பெயர். இன்னொரு பக்கத்தில் தரைமட்டம் வரை தோண்டிக் கொண்டு வந்து, மேலே மெல்லிய மண் தட்டை உடைக்காமல் விட்டு வைக்கும். அந்த இரகசிய வழிக்கு 'நாபிகா' என்று பெயர். வேடன் முன்வாசலால் கையை விட்டால், எலி தலையால் அந்த மண் தட்டை முட்டி உடைத்துக் கொண்டு மறுபக்கத்தால் ஓடி விடும். இந்த 'நாபிகா'விலிருந்துதான் 'நிபாக்', 'முனாபிக்' ஆகிய சொற்கள் வந்தன என்று அகராதி வல்லுநர்கள் கூறுகிறார்கள். ஒரு வாசலால் மார்க்கத்துக்குள் நுழைந்து மறு வாசலால் வெளியேறி விடுகிறவன் என்பது கருத்து. இக்கருத்தில் இச்சொல் இஸ்லாத்துடன்தான் வழக்கில் வந்தது, அதற்கு முன்னர் அரபியர் இதனை அறிந்திருக்கவில்லை என்ற விளக்கத்தை ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ளூர் தமது 'லிஸானுல் அரப்' அகராதியில் பதிந்திருக்கிறார். ஹபஷாவின் பழைய கீஸ் மொழியில் 'இருமனமாதல்' என்ற பொருளில் உள்ள ஒரு சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தும் மேனாட்டு ஆய்வாளரும் உளர்.

ஹிஜ்ரி 395இல் மறைந்த இப்னு பாரிஸ் என்ற மொழி அறிஞர் 'நூன், பா, காப்' என்ற இவ்வெழுத்துக்களுக்கு இரண்டு அடிப்படைக் கருத்துக்களைச் சொல்கிறார். ஒன்று தீர்ந்து போதல், மற்றது மறைத்தல். செலவு செய்வதற்குரிய 'இன்பாக்' முதல் வகை. மனைவி மக்களின் தாபரிப்புக்காகக் கொடுக்கும் 'நபகா'வும் அதுவே. சுரங்கத்துக்குரிய 'நபக்', நாம் பேசும் 'நிபாக்' ஆகியவை இரண்டாம் வகை. ஒரே எழுத்துக்களில் ஒன்று கையைத் திறக்கிறது, மற்றது உள்ளத்தை மூடுகிறது.

இரண்டு நோய்கள்

கிரேக்கரின் சொல் முகத்தைப் பார்க்கிறது. அரபியரின் சொல் ஓடும் வழியைப் பார்க்கிறது. நடிகனுக்குத் தேவை பார்வையாளர், கைதட்டல். எலிக்குத் தேவை தப்பிக்கும் பாதை. அது யாரும் பார்க்காமல் இருப்பதையே விரும்பும்.

கிரேக்க நடிகனுக்குச் சரியாக ஈடாக அரபியில் வேறொரு சொல் இருக்கிறது. அதுதான் 'ரியா'. பார்த்தல் என்ற கருத்துள்ள 'ரஆ' என்ற வினையிலிருந்து வந்தது. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. நாம் முகஸ்துதி என்கிறோம். பிறர் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்வதற்கு 'ஸும்ஆ' என்று பெயர். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குள் நிபாக்கும் ரியாவும் கலந்து கிடக்கின்றன. மார்க்கம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஈமானே இல்லாமல் இருப்பதாகக் காட்டிக் கொள்வது நம்பிக்கை சார்ந்த நிபாக். பேசினால் பொய், வாக்களித்தால் மாறு, நம்பினால் மோசடி என்று ஹதீஸில் வந்துள்ள அடையாளங்கள் செயல் சார்ந்த நிபாக் என்று உலமாக்கள் விளக்குவர். ரியாவோ ஈமான் உள்ளவனின் தொழுகைக்குள்ளும் கறையான் போல் புகுந்து விடக் கூடியது. இந்த வேறுபாடு தெரியாமல், பலவீனம் உள்ள ஒரு முஃமினை 'முனாபிக்' என்று ஒரே சொல்லில் வெட்டி விடுகிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம்!

மதீனா சொல்லும் பாடம்

நிபாக் மதீனாவில்தான் தலைதூக்கியது. மக்காவில் முஸ்லிம் என்று சொன்னால் அடியும் உதையும்தான் கிடைத்தன. நடித்துப் பெறுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மதீனாவில் இஸ்லாம் பலம் பெற்ற பிறகே வேடத்துக்கு விலை வந்தது. அப்துல்லாஹ் இப்னு உபை இவர்களின் தலைவன். ஹிஜ்ரி 3இல் உஹதை நோக்கிச் சுமார் ஆயிரம் பேர் புறப்பட்டபோது, ஏறத்தாழ 300 பேரை அழைத்துக் கொண்டு நடுவழியில் திரும்பி விட்டான். எலியின் மறு வாசல் அன்று திறந்தது.

அல்குர்ஆனின் 63ஆம் ஸூரா இவர்களின் பெயராலேயே அமைந்துள்ளது. பார்வைக்கு அழகும் பேச்சுக்குக் கவர்ச்சியும் உடைய இவர்களைச் சாத்தி வைத்த மரக்கட்டைகளுக்கு அங்கே அல்லாஹுத்தஆலா ஒப்பிடுகின்றான்.

இத்தனைக்கும் நபி (ஸல்) அவர்கள் இவர்களை எவ்வாறு நடத்தினார்கள்? இப்னு உபையைக் கொன்று விட உமர் (ரழி) அவர்கள் அனுமதி கேட்டபோது, முஹம்மத் தம் தோழர்களைக் கொல்கிறார் என்று மக்கள் பேசக் கூடாது என்று மறுத்து விட்டார்கள். ஹிஜ்ரி 9இல் அவன் இறந்தபோது, உண்மை முஸ்லிமாயிருந்த அவனுடைய மகனின் வேண்டுகோளுக்கிணங்கத் தமது சட்டையையே கபனுக்குக் கொடுத்தார்கள். வஹீ வந்து கொண்டிருந்த காலத்திலேயே வெளிரங்கத்தை வைத்துத்தான் மனிதர்கள் நடத்தப்பட்டார்கள். வஹீ நின்று விட்ட இக்காலத்தில், அடுத்தவரின் நெஞ்சைப் பிளந்து பார்க்க நமக்கு யார் கத்தி தந்தது?

எது வேடம் அல்ல?

இவ்விடத்தில் மூன்று விடயங்களைத் தெளிவுபடுத்துவது அவசியம்.

ஒன்று: பாவத்தை மறைப்பது நிபாக் அல்ல. தவறு செய்து விட்ட ஒருவர் வெட்கப்பட்டு அதனை வெளியே சொல்லாமல் தௌபாச் செய்வதையே மார்க்கம் விரும்புகிறது. தன் பாவத்தைத் தானே பகிரங்கப்படுத்தித் திரிபவனைப் பற்றியே ஹதீஸில் எச்சரிக்கை வந்திருக்கிறது. "நான் உள்ளொன்று புறமொன்று இல்லாதவன், எதையும் பகிரங்கமாகவே செய்வேன்" என்று பெருமை பேசும் இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். உள்ள குறையை மூடுவது திரை. இல்லாத நிறைவைக் காட்டுவது முகமூடி. திரைக்கும் முகமூடிக்கும் வித்தியாசம் உண்டு.

இரண்டு: பண்பாக நடந்து கொள்வது நிபாக் அல்ல. நல்லவரல்லாத ஒரு மனிதர் தம்மிடம் வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவருடன் கனிவாகப் பேசியனுப்பினார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் அதுபற்றி வினவியபோது, ஒருவரின் கெட்ட நாவுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கிப் போவார்களானால் அவரே மனிதர்களில் மோசமானவர் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். மாமியாரின் சமையல் உப்புக் கரித்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவது வேடமல்ல. அதற்காக அவருடைய அநியாயத்தையும் நியாயம் என்று சொல்லத் தொடங்கினால் அது வேறு விடயம்.

மூன்று: ஈமான் கூடிக் குறைவது நிபாக் அல்ல. நபியவர்களின் எழுத்தாளர்களுள் ஒருவரான ஹன்ளலா (ரழி) அவர்கள் ஒருநாள் தான் முனாபிக்காகி விட்டதாகப் பதறிக் கொண்டு வந்தார்கள். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் தெரிகின்றன, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தோட்டம் துரவோடும் கலந்து விட்டால் அதிகமானவை மறந்து போகின்றன என்பதுதான் அவர்களது கவலை. அபூபக்ர் (ரழி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்றார்கள். அந்த நிலையிலேயே எப்போதும் இருந்தால் மலக்குகள் உங்கள் படுக்கைகளிலும் பாதைகளிலும் கைகொடுப்பார்கள், ஆயினும் அதற்கும் இதற்கும் நேரம் உண்டு என்று நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்சம்பவம் வருகிறது. பிள்ளையோடு விளையாடும்போது உள்ளம் தொழுகையில் இருந்ததுபோல் இல்லையே என்று அஞ்சும் தாய்மாருக்கு இது போதுமான மருந்து.

இன்னொரு எச்சரிக்கை: முகஸ்துதி ஆகி விடுமோ என்று பயந்து நல்ல அமலையே விட்டு விடுவதும் ஷைத்தானின் ஒரு சூழ்ச்சிதான். மனிதர்களுக்காக அமலை விடுவதும் ரியாவே என்பது புளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் கருத்து.

கண்ணாடியும் கல்லும்

முனாபிக் என்ற சொல்லை முன்னோர்கள் எப்படிப் பாவித்தார்கள் தெரியுமா? முப்பது ஸஹாபாக்களைத் தான் சந்தித்ததாகவும் அவர்கள் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியே நிபாக்கை அஞ்சிக் கொண்டிருந்ததாகவும் தாபிஈயான இப்னு அபீ முலைக்கா (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். முனாபிக்குகளின் பெயர்களை நபியவர்கள் ஹுதைபா (ரழி) அவர்களிடம் இரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். உமர் (ரழி) அவர்கள், அந்தப் பட்டியலில் தமது பெயர் இருக்கிறதா என்றே அவர்களிடம் கேட்டார்கள். அடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று கேட்கவில்லை! அவர்களுக்கு அச்சொல் முகம் பார்க்கும் கண்ணாடி. நமக்கோ அது எறியும் கல்.

கண்ணாடியாகப் பாவிப்பதென்றால், முகமூடியைக் கழற்றும் இடம் எது என்று பார்க்க வேண்டும். அது வீடு. மேடையின் பின்புறம் நடிகனைப் பார்ப்பவர்கள் மனைவியும் மக்களும்தான். வெளியில் பணிவாக ஸலாம் சொல்லும் வாப்பா, வீட்டுக்குள் நுழைந்ததும் சீறி விழுவதைப் பிள்ளை பார்க்கிறது. கடன்காரர் அழைக்கும்போது, கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்து "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்லு" என்றால், பிள்ளைக்குப் பொய்யும் வளையும் ஒன்றாகக் கற்றுக் கொடுக்கப்படுகின்றன. ஏதோ தருவதாகச் சொல்லித் தன் சிறுவனை அழைத்த ஒரு தாயிடம், என்ன கொடுக்கப் போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம் பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். சின்னப் பிள்ளைதானே என்று ஏமாற்றுவதற்குக் கூட மார்க்கம் இடம் வைக்கவில்லை.

தர்மத்துக்கு ஊதுகுழல் ஊதிய காலம் போய் விட்டது என்று நினைக்க வேண்டாம். றமழானில் ஓர் ஏழைத் தாய்க்கு உலர் உணவுப் பொதி கொடுக்கும்போது நான்கு பேர் கையை வைத்துப் படம் எடுத்துப் பரப்புவதும் ஊதுகுழல்தான். அந்தத் தாயின் முகத்துக்குத் திரை இல்லை, கொடுப்பவரின் முகத்துக்கு முகமூடி உண்டு. இதில் நஷ்டமடைந்தவர் யார்? பொதியைப் பெற்றவருக்கு அரிசியாவது மிஞ்சும்.

அல்லாஹ்வின் முன்னிலையில் முதன்முதலில் தீர்ப்பளிக்கப்படுவோரில் ஒருவர் ஆலிம் என்றும், புகழுக்காக அறிவு தேடியதால் அவர் நரகில் வீசப்படுவார் என்றும் ஹதீஸில் வந்துள்ளது. எனவே கண்ணாடியை முதலில் பார்க்க வேண்டியவர்கள் உபதேசம் செய்கின்ற நாங்கள்தான்.

ஒவ்வொரு நாளும் உறங்கப் போகும் முன் நம்மிடம் நாமே இரண்டு கேள்விகள் கேட்டுக் கொள்வோம். இன்று நான் செய்த நல்ல காரியத்தை யாருமே பார்த்திருக்காவிட்டாலும் செய்திருப்பேனா? நான் கொடுத்த வாக்குகளில் எதற்காவது மெல்லிய மண் தட்டுப் போட்ட மறு வாசல் ஒன்று வைத்திருக்கிறேனா? முதலாவது நடிகனைப் பிடிக்கும், இரண்டாவது எலியைப் பிடிக்கும்.

முகத்தையும் அகத்தையும் ஒன்றாக்கி வைக்க அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.